வாழைமர நோட்டை விற்கலாமா?

வீட்டில் ஒரு பழைய பொருள் இருக்கிறது. அதற்கு ஒருவர் நல்ல விலை சொல்கிறார். அந்தப் பணம் கைக்கு வந்தால், நீங்கள் நெடுநாளாக ஆசைப்பட்ட வேறொரு பழைய பொருளை வாங்கிவிடலாம். என்ன செய்வீர்கள்?

வாசக நண்பர்களே, இது பட்டிமன்றத்திற்காகப் புனைந்த கேள்வி அன்று. சென்ற பருவ விடுமுறையில் பத்து பாகாட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. ஒரு நோட்டை விற்று இன்னொரு நோட்டை வாங்குவதா, வேண்டாமா என்பதுதான் சிக்கல். கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். என் அண்ணனுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. “காசு குடுத்து செல்லாத காசு வாங்குற ஆளு நீ ஒருத்திதான்” என்றார். ஆனால், அந்தச் செல்லாத காசு எனக்குக் கற்றுக்கொடுத்ததை இந்த மலரில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் சேகரிப்புப் பழக்கம் மிக எளிமையாகத் தொடங்கியது. 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, நம் நாட்டுக் கடைகளில் கட்டணத்தை ஐந்து சென்னுக்குச் சுற்றிவிடும் முறை வந்தது. அதற்குப் பிறகு ஒரு சென் நாணயத்தை யாரும் தேடவில்லை. அப்பா அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அந்த டின் என் கைக்கு வந்தது. ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தேன். நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த நாணயங்கள் 1967 முதல் வந்தவை என்றும், செம்பருத்தி பொறித்தவை 1989 முதல் வந்தவை என்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். அங்கே மலாய், சீனத் தோழிகளோடு வெளிநாட்டு நாணயங்களை மாற்றிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும்போது என்னிடம் இரண்டு ஆல்பங்கள் நிறைந்திருந்தன.

அந்த ஆல்பங்களில் நான் விலைகொடுத்து வாங்காத நோட்டு ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் குடும்பத்து நோட்டு.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவில் புழங்கிய பத்து வெள்ளி நோட்டு அது. முகப்பில் வாழைமரம் குலையோடு நிற்கும். அதனால்தான் அக்காலத்துப் பணம் முழுவதற்கும் ‘வாழைமரக் காசு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கொண்டு வருபவருக்குக் கேட்டவுடன் பத்து வெள்ளி கொடுப்பதாக ஜப்பானிய அரசு வாக்களிக்கிறது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். 1942 ஜனவரியில் பத்து பாகாட் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. நோட்டுகள் கணக்கில்லாமல் அச்சாகிக்கொண்டே இருந்தன. விலைவாசி ஏற ஏற, 1944-இல் நூறு வெள்ளி நோட்டும் 1945-இல் ஆயிரம் வெள்ளி நோட்டும் வந்தன. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பிய 1945 செப்டம்பரில் இந்தப் பணம் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். இழப்பீடு கிடையாது. மூட்டை மூட்டையாக வைத்திருந்தவரும் ஒற்றை நோட்டு வைத்திருந்தவரும் ஒரே நாளில் வெறுங்கை ஆனார்கள்.

செல்லாத பணத்தை எல்லாரும் எரித்துவிடவில்லை. ஏராளமானோர் பெட்டியடியில் போட்டு வைத்தார்கள். அதனால் இன்று வாழைமர நோட்டு அரிய பொருளே அன்று. சாதாரணப் பத்து வெள்ளி நோட்டு பழம்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எங்கள் வீட்டு நோட்டும் அப்படிப்பட்டதுதான் என்றே நினைத்திருந்தேன்.

விடுமுறையின் முதல் வாரத்தில் என் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, நகரில் பழைய நாணயமும் முத்திரையும் விற்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். இடைநிலைப்பள்ளி நாளிலிருந்தே பழக்கமானவர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் வாழைமரத்தில் நின்றுவிட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். “இதில் எண் இருக்கிறதே, பார்த்தாயா?” என்று மலாயில் கேட்டார்.

பார்த்திருக்கிறேன். அதன் பொருள்தான் தெரியாது. அவர் விளக்கினார். ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகளில் ‘எம்’ என்ற எழுத்து மலாயாவைக் குறிக்கும். தொடக்கத்தில் வெளியான நோட்டுகளில் அந்த எழுத்துக் குறியோடு தொடர் எண்ணும் அச்சிட்டார்கள். பிறகு அவசரமும் அளவும் மிகுந்தபோது எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். எண் இல்லாதவை குவியலாகக் கிடைக்கும். எண் உள்ளவை குறைவு. “மடிப்பு நான்கு இருக்கிறது. ஓரத்தில் மஞ்சள் கறை. இவை இல்லாவிட்டால் இன்னும் கூடக் கொடுப்பேன். இப்போதைக்கு முந்நூறு வெள்ளி” என்றார். எண்ணைப் பற்றி வாய்திறக்காமல் பத்து வெள்ளிக்கு அவர் கேட்டிருக்கலாம். நானும் கொடுத்திருக்கக்கூடும். அவருடைய நேர்மையை இங்கே சொல்லியாக வேண்டும்.

முந்நூறு வெள்ளி! பல்கலைக்கழக மாணவர்க்கு அது எத்தனை வேளைச் சாப்பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், என் மனம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மொரிஷியசுக்குப் போய்விட்டது.

அதையும் விளக்கிவிடுகிறேன். இந்துமாக்கடலில் உள்ள மொரிஷியஸ் தீவின் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து உண்டு. நம்மைப் போலவே அங்கும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் பலர். அதற்கும் முன்னே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்றிருக்கிறார்கள். அந்நாட்டு நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் தமிழும், அதற்கு அடுத்து தேவநாகரி எழுத்தும் இருப்பது நெடுநாள் வழக்கம். 1998-ஆம் ஆண்டு நவம்பரில் மொரிஷியஸ் வங்கி புதிய நோட்டுகளை வெளியிட்டபோது இந்த வரிசை மாறிப்போனது. தமிழ் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. முன்னே வந்தவர்கள் நாங்கள், எங்கள் எழுத்தின் இடத்தை ஏன் மாற்றினீர்கள் என்று அங்குள்ள தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முடிவில் வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1999-இல் பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிட்டது. அந்த வரிசையிலுள்ள நூறு ரூபாய் நோட்டில் இருப்பவரும் தமிழ் வம்சாவளியினரே. ரங்கநாதன் சீனிவாசன் என்ற தலைவர் அவர்.

மக்கள்தொகையில் சிறுபான்மையாக இருக்கும் தமிழர், ஒரு நாட்டின் பணத்தையே திரும்ப அச்சிட வைத்தார்கள் என்ற செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சிங்கப்பூர் நாணயத்தில் தமிழைப் பார்த்திருக்கிறேன். இந்திய நோட்டின் மொழிப்பட்டியலிலும் இலங்கை நோட்டிலும் பார்த்திருக்கிறேன். ஆனால், தன் இடத்தைக் கேட்டு வாங்கிய தமிழ் என்றால் அது மொரிஷியஸ் நோட்டில் உள்ள தமிழ்தான் என்று எனக்குத் தோன்றியது. இடைநிலைப்பள்ளியில், மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு ஆறேழு பேராக உட்கார்ந்து தமிழ்ப்பாடம் படித்தவள் நான். பசியோடு படித்த அந்தப் பிற்பகல்களை நினைத்தால், அந்த நோட்டின் மீது எனக்கு ஏன் அவ்வளவு ஆசை என்பது உங்களுக்குப் புரியும்.

வேறோர் ஊரில் உள்ள விற்பனையாளர் ஒருவரிடம் 1998-இன் நூறு ரூபாய் நோட்டும் 1999-இன் நூறு ரூபாய் நோட்டும் மடிப்பே இல்லாமல் ஒரு ஜோடியாக இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரிசை மாறியதும் திருத்தப்பட்டதும் கண்ணெதிரே தெரியும். விலை முந்நூற்று இருபது வெள்ளி. வாழைமரத்தை விற்றால் கையிலிருந்து போட வேண்டியது வெறும் இருபது வெள்ளி.

விற்கலாம் என்ற பக்கத்திற்கு வலுவான காரணங்கள் இருந்தன. அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை.

முதலாவது, சேகரிப்பு என்பதே விற்று வாங்கும் கலைதான். உலகமெங்கும் இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைச் சேகரிப்போர் ஏராளம். ஒரு பழைய அட்டையை விற்று இன்னொன்றை வாங்கலாமா என்பது அவர்களுக்கு அன்றாடத் தலைவலி. 1952-இல் தாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேண்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. அதை விற்றவர் 1991-இல் ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார். அவரும் விற்றார். விற்காமல் பொத்தி வைப்பவரைவிட, விற்று மேலான ஒன்றை அடைபவரே நல்ல சேகரிப்பாளர் என்று சொல்லக் காரணம் இருக்கிறது.

இரண்டாவது, நானே இதற்கு முன் விற்றிருக்கிறேன். முதல் தொகுதி மலேசிய நோட்டுகள் இரண்டை விற்றுத்தான் என் இரண்டாவது ஆல்பத்தின் பாதியை நிரப்பினேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாழைமர நோட்டு நாம் அடிபட்ட காலத்தின் சின்னம். மொரிஷியஸ் நோட்டு நாம் தலைநிமிர்ந்த காலத்தின் சின்னம். அதைக் கொடுத்து இதை வாங்குவது தமிழுணர்வு அல்லவா? இப்படி எனக்கு நானே மேடைப்பேச்சு பேசிக்கொண்டேன். கைத்தட்டலும் நானே தட்டிக்கொண்டேன்.

இருந்தாலும் நோட்டு என்னுடையது மட்டும் அன்று. பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். என் அப்பாவின் அம்மாவுக்கு இப்போது எண்பத்தேழு வயது. அந்த நோட்டை எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். தமிழ்ப்பள்ளியில் நான் காசு சேர்ப்பதைப் பார்த்துவிட்டு, “இந்தா, இதையும் வெச்சுக்க. எங்க அப்பா குடுத்தது” என்று சொல்லிக் கொடுத்தார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாழைமரப் படம்தான் முக்கியமாகத் தெரிந்தது.

முந்நூறு வெள்ளி என்றதும் பாட்டி சிரித்தார். “அன்னிக்கு யாரும் ஒரு படி அரிசி குடுக்கலியே அதுக்கு” என்றார். பிறகு நான் கேட்காமலேயே சொல்லத் தொடங்கினார்.

அப்போது அவர்கள் குடும்பம் யோங் பெங் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. பாட்டிக்கு ஐந்து வயது. 1943-ஆம் ஆண்டு. பாட்டியின் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். சில மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னார்களாம். புறப்படும்போது பாட்டியின் அம்மா கையில் அவர் கொடுத்தது இந்த ஒரு நோட்டு. “அரிசி வாங்கிக்க” என்றாராம். என் கொள்ளுப்பாட்டி அதை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். அரிசி வாங்கவில்லை. மரவள்ளிக் கிழங்கு அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நோட்டை மாற்றவில்லை.

“ஏன் பாட்டி மாத்தல?”

“திரும்பி வந்தா என்னா செய்ய? கையில ஒண்ணும் இல்லாம வருவாரு. அப்ப குடுக்கலாம்னு வெச்சிருந்துச்சு எங்க அம்மா. அதுக்குள்ள வெல ஏறிக்கிட்டே போச்சு. பொறவு அந்தக் காசே இல்லன்னுட்டான் வெள்ளக்காரன்.”

அவர் திரும்பி வரவில்லை. சயாம் - பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க்கைதிகளைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் வந்தன. அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் கிடையாது. என் பாட்டியின் அப்பாவுக்கும் கிடையாது. எந்த மாதம், எந்த முகாம் என்று சொல்ல யாரும் இல்லை. ஓரத்தில் இருக்கும் மஞ்சள் கறை, கொள்ளுப்பாட்டி தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசிய கையோடு நோட்டை எடுத்துப் பார்த்ததால் வந்தது என்று பாட்டி சொன்னார்.

எனக்கு உடனே கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. எண் உள்ள நோட்டுகள் தொடக்க காலத்தவை. 1943-இல் புறப்பட்ட ஒரு மனிதரின் கையில் இருந்திருக்கக்கூடியது அப்படிப்பட்ட நோட்டுதான். ஐந்து வயதில் கேட்டதை எண்பத்தேழு வயதில் சொல்லும் பாட்டியின் பேச்சும் அந்தச் சிறிய எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

“விக்கிறதா இருந்தா வித்துக்க. எனக்கு என்னத்துக்கு அது” என்றார் பாட்டி. “ஆனா, வாங்குறவன் கிட்ட இதையெல்லாம் சொல்லுவியா?”

அன்றிரவு நான் இரண்டு பக்கத்தையும் மீண்டும் எடைபோட்டேன். அப்போதுதான் சந்தை எதற்கு விலை வைக்கிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வாழைமர நோட்டில் மடிப்பும் கறையும் விலையைக் குறைக்கின்றன. சேகரிப்பாளரின் கணக்கில் அது சரியே. மடிப்பில்லாத நோட்டு குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால், அந்த நான்கு மடிப்பு சுருக்குப்பையின் மடிப்பு. அந்தக் கறை என் கொள்ளுப்பாட்டியின் விரல். எண்ணுள்ள பத்து வெள்ளி நோட்டு எனக்கு இன்னொன்று கிடைக்கும். இதைவிடச் சுத்தமானதும் கிடைக்கும். எங்கள் வீட்டு நோட்டாக அது இருக்காது. சந்தை எதைக் குறை என்று கழிக்கிறதோ, அதுதான் எங்களுக்குச் சொந்தமான பகுதி.

மொரிஷியஸ் நோட்டிலும் இதே வேடிக்கைதான். 1998-இன் நோட்டுக்கு ஏன் அவ்வளவு விலை? வங்கி அதைத் திரும்பப் பெற்றதால் அது அரிதாகிவிட்டது. தமிழைக் கீழே தள்ளிய நோட்டுக்குத்தான் கிராக்கி. தமிழ் தன் இடத்துக்குத் திரும்பிய நோட்டு அதற்குப் பின் தொடர்ந்து அச்சிடப்பட்டதால் மலிவு. சந்தை பிழைக்கு விலை வைக்கிறது. திருத்தத்துக்கு வைப்பதில்லை. நான் பெருமைப்பட்டது எதற்காக? தமிழர் கேட்டுத் திருத்த வைத்தார்களே, அதற்காக. அந்தப் பெருமை மலிவான நோட்டிலேயே முழுமையாக இருக்கிறது. அப்படியென்றால் முந்நூற்று இருபது வெள்ளி ஜோடியின் மீது எனக்கு இருந்தது தமிழுணர்வா, அல்லது மற்றவரிடம் இல்லாதது என்னிடம் இருக்க வேண்டும் என்ற ஆசையா? ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது தமிழுணர்வு என்ற பட்டுச்சேலையைக்கூடக் கட்டிக்கொண்டு வரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

நான் வாழைமர நோட்டை விற்கவில்லை. மறுவாரம் அதே விற்பனையாளரிடம், புழங்கிப் பழசான மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைப் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கினேன். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்து தேவநாகரி. யாரோ மீன் வாங்கிய நோட்டாக இருக்கலாம். யாரோ பேருந்துக்குக் கொடுத்த நோட்டாக இருக்கலாம். தமிழ் அங்கே மக்கள் கையில் புழங்கிய தடம் அதில் இருக்கிறது. மடிப்பில்லாத ஜோடியில் அது இருந்திருக்காது.

இத்துடன் கட்டுரையை முடித்திருந்தால், ‘பழம்பொருளை விற்காதீர்கள்’ என்ற அறிவுரையாகப் போயிருக்கும். ஆனால், உண்மை அவ்வளவு எளிதன்று.

விற்காமல் வைத்திருப்பது மட்டும் ஒரு பெரிய காரியமா? பதினான்கு ஆண்டுகள் அந்த நோட்டு என்னிடம் இருந்தது. நெகிழி உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஆனால், அது யாருடையது, ஏன் மடிக்கப்பட்டது, ஏன் மாற்றப்படவில்லை என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. பாட்டி அந்த ஆண்டே கண்மூடியிருந்தால், நான் பொத்திப் பாதுகாத்தது வெறும் காகிதத்தைத்தான். அதை விற்றிருந்தாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான். பொருளை வைத்துக்கொண்டு கதையைத் தொலைப்பதும் ஒருவகை விற்பனையே. அதில் நமக்குக் காசுகூடக் கிடைப்பதில்லை.

எனவே, என் கருத்து இதுதான். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதற்கு விலைப்பட்டியலைப் பார்க்காதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதைப் போன்ற இன்னொன்றை நாளைக்குப் பணம் கொடுத்து வாங்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக விற்கலாம். நான் விற்ற முதல் தொகுதி நோட்டுகள் அப்படிப்பட்டவை. அவற்றைக் கடையில் வாங்கினேன், கடையில் விற்றேன். முடியாது என்றால் இரண்டாவது கேள்வி: ஏன் முடியாது என்று என்னால் சொல்ல முடியுமா? சொல்லத் தெரியவில்லை என்றால், விற்பதற்கு முன் மட்டுமல்ல, வைத்திருப்பதற்கு முன்பும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தெரிந்தவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். எழுதி வைக்க வேண்டும்.

சில நண்பர்கள் இதற்கு மறுப்புச் சொல்லலாம். வறுமையில் இருப்பவருக்குக் கதை சோறு போடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளைக்கே பாட்டியின் மருந்துக்கு அந்த முந்நூறு வெள்ளி தேவைப்பட்டால், நான் தயங்காமல் விற்பேன். கொள்ளுப்பாட்டியும் பிள்ளைகள் உயிருக்குப் போராடியிருந்தால் அந்த நோட்டை மாற்றியிருப்பார் என்றுதான் நம்புகிறேன். தேவைக்கு விற்பது வேறு. ஓர் ஆசையை விற்று இன்னோர் ஆசையை வாங்கும்போதுதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூரில் உள்ள பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தில் பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் காணலாம். வாழைமர நோட்டின் வரலாற்றை அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால், நம் வீட்டு நோட்டின் வரலாற்றை எந்த அறிஞரும் வந்து எழுதப்போவதில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளும் செம்பனைக் காடுகளும் வந்துவிட்டன. பாட்டி பிறந்த லயம் எங்கே இருந்தது என்று காட்ட ஒரு செங்கல்கூட இல்லை. பத்து பாகாட் என்றால் செதுக்கிய கல் என்று பொருள். எங்கள் ஊரில் கல்லைச் செதுக்கியவர்களின் தடம் ஊர்ப்பெயராகவே நிற்கிறது. தோட்டத்தில் மரம் சீவியவர்களின் தடம் இப்படிச் சுருக்குப்பைகளிலும் பிஸ்கட் டின்களிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

நான் ஒரு முழுத்தாளை எடுத்து, பாட்டி சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதினேன். தேதியிட்டேன். பாட்டி கையெழுத்துப் போட்டார். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்புவரை படித்தவர் அவர். தன் பெயரைத் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதினார். அந்தத் தாள் இப்போது ஆல்பத்தில் வாழைமர நோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் மொரிஷியஸ் நோட்டு.

அதை மீண்டும் அந்தச் சீனப் பெரியவரிடம் காட்டினேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மலாயில் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “இதை யாரிடமும் விற்காதே. என்னிடமும்தான்” என்று ஆல்பத்தை மூடிக் கொடுத்தார். பிறகு தன் அப்பாவின் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். அதை அவர் பிள்ளைகள் எழுதட்டும்.

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு பழைய பொருளைக் கையில் எடுங்கள். தாத்தாவின் பால்வெட்டுக் கத்தியாக இருக்கலாம், பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையாக இருக்கலாம், ஊரிலிருந்து வந்த கடிதமாக இருக்கலாம். விலை கேட்பதற்கு முன், அதன் கதையைக் கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.